மண் கேட்காத மலர்

திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி திருக்கோயிலின் மகிழ மரத்தை வணங்காத வடசென்னைக் குடும்பங்கள் குறைவு. சுந்தரமூர்த்தி சுவாமிகள் சங்கிலி நாச்சியாருக்குச் சூளுரைத்த இடம் அது என்பதை அனைவரும் அறிவர். ஆயினும், அச்சூளுரைக்கு முன்னரே நாச்சியார் அத்திருக்கோயிலில் ஆற்றிவந்த தொண்டு யாது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த அவர், சிவனடியாரையன்றிப் பிறரை மணப்பதில்லை என்ற உறுதியோடு ஒற்றியூருக்கு வந்து கன்னிமாடத்தில் தங்கினார். பூமண்டபத்தில் திரைக்குப் பின்னே அமர்ந்து நாள்தோறும் ஈசனுக்கு மாலை தொடுத்தார். சுந்தரர் அவரைக் கண்டதும் அந்தப் பூமண்டபத்திலேதான். அவர் பிறந்த ஞாயிற்றில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கோ புஷ்பரதேஸ்வரர் என்று திருநாமம்.

பூத்தொண்டால் சிறந்த இவ்விரு தலங்களுக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில்தான் இன்றைய மணலி புதுநகர் அமைந்துள்ளது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மனைகளாக வகுத்து உருவாக்கிய குடியிருப்பு இது. அய்யா வைகுண்ட தர்மபதியின் புரட்டாசித் திருவிழாவினால் தென்மாவட்டத்து அன்பர்களும் இவ்வூரை அறிவர். ஒருபுறம் மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும். மறுபுறம் எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கி ஓடும் கொசஸ்தலையாறு. மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல்லாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. ஆழ்துளைக் குழாயில் வருவது பெரும்பாலும் உவர்நீரே. 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலையாற்றில் பெருகியபோது, புதுநகரின் தெருக்களும் வீடுகளும் வெள்ளத்தில் நின்றன. இத்தகைய நிலத்தில் மல்லிகைக்கும் நந்தியாவட்டைக்கும் பாத்தி கட்ட இடம் கிடைப்பதே அரிது. இடம் கிடைத்தாலும் மண் ஒத்துழைப்பதில்லை. பூசைக்கு வேண்டிய பூவை முழக்கணக்கில் வாங்குவதே பெரும்பாலோர்க்கு வழக்கமாகிவிட்டது.

தம் கையால் வளர்த்த ஒரு பூவையேனும் இறைவன் திருவடியில் சாத்த வேண்டும் என்ற ஏக்கம் உள்ளவர்களுக்கு மண்ணே கேட்காத ஒரு மலர் உண்டு. அதுதான் ஆர்க்கிட்.

மரத்தில் வாழும், மரத்தை உண்ணாது

திருப்புகலூரில் மாலைத் தொண்டு புரிந்த முருக நாயனார், வைகறையில் நீராடி நான்கு வகை மலர்களைக் கொய்து வந்ததாகச் சேக்கிழார் பெருமான் உரைக்கிறார். மரக்கிளையில் பூக்கும் கோட்டுப்பூ, கொடியில் பூக்கும் கொடிப்பூ, நீரில் பூக்கும் நீர்ப்பூ, நிலத்தில் பூக்கும் நிலப்பூ என்பன அந்நான்கு. ஆர்க்கிட்டை இவற்றுள் எதில் சேர்ப்பது? அது கிளையில் பூக்கிறது. ஆனால் மரத்தின் பூ அன்று. உலகில் அறியப்பட்டுள்ள ஆர்க்கிட் இனங்கள் 25,000-க்கும் மேற்பட்டவை. இந்தியாவில் மட்டும் சுமார் 1,250 இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி காட்டு மரங்களின் கிளைகளைப் பற்றி வாழ்பவை.

இதனைப் புல்லுருவி என்று எண்ணி வெட்டி எறிவாரும் உண்டு. அது தவறு. புல்லுருவி தன் வேரை மரத்தினுள் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின்மேல் படர்ந்து நிற்குமே தவிர உள்ளே நுழையாது. மழைநீரும், பனியும், பட்டையின் இடுக்கில் சேரும் மக்கிய இலைத்துகளுமே அதன் உணவு. மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம் மட்டுமே. அதனால்தான் அதற்குத் தோட்டமண் தேவையில்லை. தொட்டியில் செம்மண்ணும் சாணமும் இட்டு நட்டால் காற்றுப் புகாமல் வேர் அழுகிச் செத்துவிடும். பழக்கமின்றி வளர்ப்பவர்கள் ஆர்க்கிட்டை இழப்பது பெரும்பாலும் இக்காரணத்தால்தான்.

சாமிக்கு ஆகுமா?

"அத்தை, இதைச் சாமிக்கு வைக்கலாமா?" என்று மருமகள் கேட்பதும், "வாசனையே இல்லையேம்மா" என்று மாமியார் தயங்குவதும் இன்று பல வீடுகளில் நிகழ்வது. இத்தயக்கத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை; ஆராய்ந்து பார்க்கலாம்.

சிவபூசைக்குரிய மலர்களைப் பற்றிக் கமலை ஞானப்பிரகாசர் 'புட்பவிதி' என்றொரு நூலே இயற்றியிருக்கிறார். இத்தகைய நூல்கள் இந்நாட்டில் பூக்கும் மலர்களைக் கருதி எழுந்தவை. கடைகளில் கிடைக்கும் ஊதா நிற ஆர்க்கிட் அயல்நாட்டுக் காட்டினங்களைக் கலந்து அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்டது. அதன் பெயர் அவற்றில் இருக்க வழியில்லை. எனவே, திருக்கோயிலில் சாத்துவதாயின் அக்கோயிலின் அர்ச்சகரைக் கேட்டு, அவர் சொற்படி நடப்பதே முறை. இல்லப் பூசையில் அத்துணைக் கட்டுப்பாடு இல்லை. இலை, பூ, கனி, நீர் என்னும் எளிய நான்கையே கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் கூறுகிறான். அன்பையே அளவுகோலாக வைக்கிறான்.

மணம் ஒன்றே தகுதி என்றும் சொல்வதற்கில்லை. அம்பிகைக்கு உகந்த செம்பருத்திக்கு மணம் ஏது? விநாயகருக்குச் சாத்தும் எருக்கம்பூவை மணத்திற்காகவா தேடுகிறோம்? அன்றியும், ஆர்க்கிட் அனைத்தும் மணமற்றவை அல்ல. நம் நாட்டு மரங்களில் வளரும் வாண்டா இனத்துள் நறுமணம் வீசுவன உண்டு. நரிவால் போல் நீண்டு தொங்கும் ஓர் ஆர்க்கிட்டை அசாம் மாநிலப் பெண்கள் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் பிஹு திருநாளில் கூந்தலில் சூடுகின்றனர். அம்மாநிலத்தின் மலரும் அதுவே. சிங்கப்பூரில் 1893-ஆம் ஆண்டு ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் கிடைத்த ஆர்க்கிட்டை 1981-இல் அந்நாடு தேசிய மலராக ஏற்றது. அங்கும் மலேசியாவிலும் வாழும் தமிழர்களுக்கு ஆர்க்கிட் கோத்த மாலை புதிதன்று.

ஆனால் இரண்டு செய்திகளில் கவனம் வேண்டும். முதலாவது, பளிச்சென்ற நீல நிறத்தில் விற்கப்படும் ஆர்க்கிட்டுகளிற் பல, வெள்ளை மலருக்குச் சாயம் ஏற்றியவை. அச்செடியை வாங்கி வளர்த்தால் மறுமுறை வெள்ளையாகவே பூக்கும். சாயம் ஏற்றிய பூ பூசைக்கு வேண்டாம். இரண்டாவது, ஆர்க்கிட் எளிதில் வாடாது என்பதற்காக ஒருமுறை சாத்திய பூவையே பத்து நாள் விட்டுவைத்தல் கூடாது. வாடாவிட்டாலும் மறுநாள் அது நிர்மாலியமே.

எந்தச் செடி?

கடைகளில் கண்ணைக் கவர்வது ஃபலனாப்சிஸ் என்னும் வகை. வண்ணத்துப்பூச்சி வரிசையாக அமர்ந்தது போன்ற பெரிய பூக்களை உடையது. அது மீண்டும் பூங்கொத்து விடச் சில வாரங்களேனும் குளிர்ச்சி வேண்டும். சென்னையின் வெப்பத்தில் இலை மட்டும் விட்டுக்கொண்டு பூக்காமலே இருந்துவிடும். அதனைச் சில வாரம் தங்கிச் செல்லும் விருந்தாளியாகக் கொள்ளலாம்.

மணலி புதுநகர் போன்ற கடலோர ஊருக்கு ஏற்றது டென்ட்ரோபியம். வெப்பத்தையும் தாங்கும்; கடற்காற்றின் ஈரப்பதத்தையும் விரும்பும். கரும்பைச் சிறிதாக்கியது போன்ற தண்டுகள் அடுத்தடுத்து எழும். தண்டு முதிர்ந்தபின் அதன் நுனியிலிருந்து பூங்கொத்து நீளும். இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்டிவிடுதல் கூடாது. நீரையும் உணவையும் சேர்த்து வைத்திருக்கும் வைப்புநிதி அது. புதிய குருத்து அதிலிருந்தே எடுத்துச் செலவழிக்கிறது. பழைய தண்டே சில வேளை மீண்டும் பூப்பதும் உண்டு. தண்டு முற்றிலும் சுருங்கிக் காய்ந்தபின் நீக்கினால் போதும். டென்ட்ரோபியத்தில் கை பழகியவர்கள் பின்னர் வாண்டாவை முயலலாம். அதனைக் கரிகூட இல்லாமல் வெறுங்கூடையில் வேர் தொங்க வளர்ப்பார்கள்.

இடமும் தொட்டியும்

கிழக்கு நோக்கிய பால்கனி மிக நன்று. காலை ஒன்பது, பத்து மணி வரை இளவெயில் படலாம். அதன்பின் நிழல் வேண்டும். மொட்டை மாடியானால் ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை கட்டுதல் அவசியம். வெளிச்சம் போதுமா என்பதை இலையே சொல்லும். கரும்பச்சையாகத் தழைத்தால் வெளிச்சம் போதாது, பூக்காது. வெளிர்பச்சையானால் சரி. பழுப்புத் திட்டாகக் கருகினால் வெயில் மிகுதி.

தொட்டி சிறியதாகவும் பக்கங்களில் துளைகள் உள்ளதாகவும் இருக்கட்டும். அடுப்புக்கரித் துண்டுகள், உடைந்த ஓட்டுச் சில்லுகள், நன்கு ஊறவைத்து உலர்த்திய தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியவற்றைக் கலந்து நிரப்பிச் செடியை ஆடாமல் கட்டி நிறுத்த வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டை மக்கியதும் மாற்றிவிடலாம். தொட்டியைத் தரையில் வையாமல் கம்பியில் தொங்கவிடுதல் இருவகையில் நன்மை: வேருக்குக் காற்றுக் கிடைக்கும், தெருவில் வெள்ளம் வந்தாலும் செடி தப்பும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் இறக்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்.

பூசையறைக்கு அருகில் செடியைத் தொங்கவிடும் ஆசை பலருக்கு எழும். அதனைத் தவிர்ப்பது நல்லது. பழுக்கும் வாழைத்தாரிலிருந்தும், முழுமையாக எரியாத புகையிலிருந்தும் எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. இது மிகச் சிறிய அளவில் பட்டாலும் ஆர்க்கிட்டின் மொட்டுகள் மஞ்சளாகி உதிரும். மலர்ந்த பூவும் விரைவில் சோரும். திருஷ்டி என்று சொல்லப்படும் மொட்டுதிர்வுக்குப் பல வேளைகளில் காரணம் இதுவே. கனரக வாகனங்கள் ஓடும் சாலையோர வீடுகளில் புகையும் புழுதியும் மிகுதி. அங்கே தெருவைப் பாராத பக்கத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையை மெல்லத் துடைப்பது நலம்.

நீர்தான் உயிர்நாடி

இவ்வட்டாரத்தில் ஆர்க்கிட் பிழைப்பதும் மடிவதும் நீரைப் பொறுத்தது. உவர்நீரை ஊற்றினால் வேர்நுனி கருகும், இலைநுனி பழுப்பாகும், தொட்டியில் வெள்ளை உப்புப் படியும். மழைநீர் மிகச் சிறந்தது. மாடியில் விழும் மழையை மூடிய டிரம்மில் சேர்த்து வைக்கலாம்; கொசு புகாதபடி வலை கட்டுதல் கடமை. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரும் உப்பற்றதே. ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீரை ஊற்றலாம். ஆனால் அது கழித்துத் தள்ளும் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது. நீரிலிருந்த உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு வேரைப் பார்த்தால் போதும். அதன்மேல் பஞ்சு போன்ற உறை ஒன்று உண்டு. உலர்ந்திருக்கையில் அது வெள்ளி நிறமாக இருக்கும். நீர் பட்டதும் பச்சையாக மாறும். வெள்ளியானால் தாகம், பச்சையானால் போதும். கோடையில் நாள்தோறும் காலையில், கடும் வெயிலில் இருவேளையும், நீர் தேவைப்படலாம். அடைமழைக் காலத்தில் பல நாள் தேவையே இராது. மாலை மயங்கியபின் நீரூற்றிக் குருத்தில் நீர் தேங்கவிட்டால் அழுகல் நிச்சயம்.

உரமாகக் கடைகளில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19-ஐ ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் கரைத்து, புதுத் தண்டு வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். அளவைக் கூட்டினால் பூ கூடாது, வேர்தான் எரியும். மாதம் ஒருமுறை நல்ல நீரை மட்டும் தாராளமாக ஊற்றி, சேர்ந்திருக்கும் உப்பைக் கழுவிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்டு கறுத்து நீர் கோத்தால் அது பூஞ்சை நோய். தீயில் காட்டிய கத்தியால் கறுத்த பகுதியை முழுதும் வெட்டி, வெட்டுவாயில் சமையலறைப் பட்டைத் தூளைப் பூசலாம். வேரில் அது படக்கூடாது. அச்செடியைப் பிறவற்றிலிருந்து தள்ளி, மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். மாவுப்பூச்சிக்குச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தலும், லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கலந்து மாலையில் தெளித்தலும் போதுமானவை. வேர்நுனியைத் தின்னும் நத்தைகளை இரவில் விளக்கடித்துப் பொறுக்கி எடுப்பதே எளிய வழி.

அகத்தியர் மலையின் செல்வம்

இம்மலரை விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய அறம் ஒன்றுண்டு. அகத்திய முனிவரின் பெயர் தாங்கிய அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வாழும் ஓர் ஆர்க்கிட் இருக்கிறது. மஞ்சள் நிறமும் பாதணி வடிவமும் கொண்ட அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரி ட்ரூரி கண்டறிந்தார். அதன் அறிவியல் பெயரில் அவர் பெயரே நிற்கிறது. அழகைக் கண்டு ஆசைப்பட்டோர் வேரோடு பெயர்த்துச் சென்றதால், அது அழிந்தே போயிற்று என்று கருதப்பட்ட காலமும் இருந்தது. பின்னர் மிகச் சிலவாக மீண்டும் காணப்பட்டது.

மலைவாசத் தலங்களில் பாசியோடு கட்டி விற்கப்படும் காட்டுச் செடிகளை வாங்குதல், இக்கொள்ளைக்குத் துணைபோவதாகும். ஆர்க்கிட்டின் காய் ஒன்றில் இலட்சக்கணக்கான விதைகள் இருந்தாலும், அவை தூசு போன்றவை; தமக்கென உணவு கொண்டிராதவை. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். பெயர்த்தெடுத்த ஒரு செடியின் இடத்தை மற்றொன்று நிரப்பப் பல்லாண்டுகள் ஆகும். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே விதையை முளைக்க வைக்கலாம் என்பதை அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். திசு வளர்ப்பு முறையும் பின்னர் சேர்ந்தது. இன்று சில நூறு ரூபாய்க்கு நாற்றங்காலில் கிடைக்கும் டென்ட்ரோபியம் அவ்வழியில் வந்தது. அதையே வாங்க வேண்டும். காட்டு இனங்களைக் காண விரும்புவோர் ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனம் 1963 முதல் பேணிவரும் ஆர்க்கிட் தோட்டத்தைக் கண்டு வரலாம்.

ஒரு கொத்து, ஒன்பது நாள்

கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்க்கிட்டால் பூச்செலவு குறையாது. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ ஒரு தண்டில் ஒரு கொத்து, அவ்வளவே. நான்கு செடி வாங்கினால் இலட்சம் ஈட்டலாம் என்று எவரேனும் சொன்னால், அது செடியை விற்பதற்கான சொல். அன்றாடப் பூசைக்குத் துளசியும் வில்வமும் செம்பருத்தியுமே போதுமானவை.

மாதக்கணக்கில் காத்திருந்து பூத்த கொத்தைக் கொய்ய மனம் வராமல் தவிப்பவர்கள் உண்டு. கொத்தை முழுதும் அறுக்க வேண்டியதில்லை. டென்ட்ரோபியத்தின் பூக்கள் அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொன்றாக மலர்பவை. செடியிலேயே பல வாரம் நிலைப்பவை. நீராடியபின் அடியிலிருந்து நாளுக்கு ஒரு பூவாகக் கிள்ளிச் சாத்தினால், ஒரு கொத்து நவராத்திரியின் ஒன்பது நாளுக்கும் வரும். நாளுக்கொரு புதுமலர் என்னும் நியமமும் காக்கப்படும். வீட்டாரின் கண்ணுக்கும் மீதிப் பூ விருந்தாகும். கிள்ளுவதால் செடிக்கு ஊறு ஏதுமில்லை. பூ முழுதும் தீர்ந்தபின் காம்பை நறுக்கி, தண்டை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

புரட்டாசியில் பூ வேண்டுமென்று நாள் குறித்து இச்செடியிடம் கேட்க முடியாது. அது பூக்கும் நாளே அவ்வீட்டுக்குத் திருநாள். இவ்வாண்டு தொடங்க விரும்புவோர் சித்திரை வெயிலைக் கடந்து, ஆனி அல்லது ஆடியில் செடியை வாங்கட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் ஊன்றிக்கொள்ள அதற்கு இரண்டு மூன்று மாதங்கள் கிடைக்கும். அதற்கு முன்பாக மழைநீர் பிடிக்க ஒரு மூடி போட்ட டிரம் வாங்கி வைத்தல், மணலி புதுநகரில் செடி வாங்குவதைவிட முதன்மையான வேலை.